அடி மிச்சம்

என் அம்மா ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் விடமாட்டாள். இலையைக் கழுவி வைத்ததுபோல் இருந்தால்தான் எழுந்திருக்கச் சொல்லுவாள். அப்படி வளர்ந்த நான் உலகச் சண்டைக் காலத்தில் கொல்லிமலைக் காப்பித் தோட்டம் ஒன்றுக்குக் கணக்கெழுதும் ரைட்டராகப் போனேன். போன அன்று மத்தியானமே அங்கே படகு ஓட்டுகிற ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட நேர்ந்தது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மலையேறி வந்த பசியில் என் இலை பளபளவென்று ஆகிவிட்டது. அவர் இலையில் ஒரு கவளம் சோறு ஓரமாக ஒதுங்கி இருந்தது.

"ஏனுங்க, சோறு பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"பிடிக்காம என்னங்க. இந்தக் கவளமும் உள்ள போவுமுங்க. ஆனா முழுசா வழிச்சுப்புட்டா அடுத்த வேளைச் சோத்துக்கு நம்மூட்டு வழி மறந்து போயிருமுங்க" என்றார். சொல்லிவிட்டு என் இலையைப் பார்த்தார். பாவம், இந்தப் பிள்ளைக்கு ராத்திரி என்ன கிடைக்குமோ என்று கவலைப்படுகிற பார்வை அது.

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நேரில் கவுண்டரே என்பார்கள், மற்றபடி ஓடக்காரர் என்றுதான் சொல்லுவார்கள். நானும் இங்கே பெயரைச் சொல்லப் போவதில்லை. ஐம்பதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு, காதில் சிவப்புக் கடுக்கன். மலைக்காரர்களுக்கே உரிய நடை: ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே வேகம்.

எதையும் அடிவரைக்கும் எடுக்க மாட்டார். அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்லுவேன். அவர் வீட்டில் மூங்கில் பிளாச்சில் பின்னிச் சாணி மெழுகிய தொம்பை ஒன்று உண்டு. ராகியும் சாமையும் அதில்தான் கிடக்கும். அதன் அடியில் முழங்கை அளவு தானியம் எந்தக் காலத்திலும் இருக்கும். அதன்மேல்தான் புது மகசூலைக் கொட்டுவார்கள். மலையில் எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் உண்டுதான். "அடி தொடச்ச ஊட்டுக்குத் தவசம் வராது" என்று சொல்லிக்கொள்வார்கள். ஆனால் மற்றவர்கள் தானியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் பிறவிக் குணமாகவே எல்லாவற்றுக்கும் அதைக் கொண்டுபோய்விட்டார். தேன் எடுக்கப் போனால் அடையில் ஒரு பங்கை விட்டுவிட்டு இறங்குவார். பலா மரத்தில் உச்சிப் பழம் ஒன்று அழுகி விழுகிறவரை தொங்கும். பொடி டப்பாவைத் தட்டிப் பார்த்தால் எப்போதும் ஒரு சிட்டிகை இருக்கும், ஆனாலும் அவர் "பொடி தீந்து போச்சுங்க" என்று சொல்லிப் புது டப்பா வாங்குவார்.

பேச்சிலும் அப்படித்தான். சாயங்காலம் என் ஆபீஸ் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்து ஊர் நடப்பெல்லாம் சொல்லுவார். நல்ல இடம் வரும்போது எழுந்துவிடுவார். ஒருமுறை அவருடைய மச்சான் ஆட்டுப்பட்டிக்குள் சிறுத்தை புகுந்த கதையைச் சொன்னார். மச்சான் கையில் கொடுவாளோடு படலைத் திறக்கிறார், உள்ளே இரண்டு கண் மின்னுகிறது. அங்கே எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்புறம் என்னாச்சு?" என்றேன்.

"அது இருக்கட்டுமுங்க. வாரேனுங்க" என்று போய்விட்டார்.

அந்த மச்சானை நான் பிற்பாடு நேரிலேயே பார்த்திருக்கிறேன், கையும் காலும் முழுசாகத்தான் இருந்தது. ஆனாலும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்தச் சிறுத்தை இன்னும் அந்தப் பட்டிக்குள்தான் நிற்கிறது.

இதையெல்லாம் விளையாட்டாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர்க்கூட்டத்தில் ஒரு நாள் பார்த்த பிறகுதான் அப்படி நினைப்பதை விட்டேன். அவருக்கும் பங்காளி ஒருவருக்கும் வேலியோரத்துப் பலா மரம் யாருடையது என்று தகராறு. பங்காளி எழுந்து வாயில் வந்ததையெல்லாம் பேசினார். ஓடக்காரருடைய அப்பன், பாட்டன் எல்லாரையும் இழுத்தார். பிறகு இவர் முறை. இவரும் சளைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"இன்னும் ஒன்னு இருக்குதுங்க. அதைச் சொல்லிப்புட்டா இவன் எம்பட ஊட்டு நல்லது கெட்டதுக்கு வந்து நிக்க முடியாது. அது அடியில கெடக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

பங்காளி முகம் வெளுத்துப்போயிற்று. அது என்னவென்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரம் பாதிப் பாதி என்று தீர்ப்பாயிற்று. அடுத்த தையில் ஓடக்காரரின் இளைய மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டதே அந்தப் பங்காளிதான். அந்த ஒன்று என்ன என்று நான் சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவர் சிரிப்பார், அவ்வளவுதான். இவர் மனசின் அடியில் இன்னும் என்னென்ன கிடக்கிறதோ என்று எனக்கு ஒரு பயமும் உண்டாயிற்று. பிரியம் இருக்கிற இடத்தில்தான் அந்த மாதிரி பயமும் வரும்.

இப்போது படகைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாசலூர்பட்டிக்கு அப்பால் இரண்டு குன்றுக்கு நடுவே ஒரு ஓடை போகும். காப்பிப் பழத்தை அலசித் தோலுரிக்கத் தண்ணீர் வேண்டும் என்று எங்கள் முதலாளி அந்த ஓடையை மறித்துக் கரை போட்டு ஏரி ஆக்கிவிட்டார். முதலாளி கீழ்நாட்டுக்காரர், மாதத்துக்கு ஒருமுறை மலைக்கு வருவார். ஏரிக்கு எதிர்ப்பக்கச் சரிவிலும் தோட்டம் இருந்தது. மழைக்காலத்தில் சுற்றுப்பாதை சரிந்துவிடுவதால் காப்பி மூட்டைகளைப் படகில்தான் கொண்டுவர வேண்டும். அந்தச் சமயத்தில் ஏற்காட்டு ஏரியில் பொழுதுபோக்காகப் படகு விட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் பட்டாளத்துக்குப் போகும்போது படகையும் அதன் பின்னால் மாட்டுகிற மோட்டாரையும் விற்றார். முதலாளி இரண்டையும் வாங்கிவிட்டார். மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மோட்டாரைப் பார்த்த மலை சனங்கள் அதற்கு 'வால்' என்று பெயர் வைத்தார்கள். படகுக்கு வால் முளைத்துவிட்டது என்று பார்க்க ஊர் ஊராக வந்தார்கள்.

அந்த ஏரித் தண்ணீருக்கு அடியில்தான் அவருடைய வயல் இருந்தது. ஓடைக்கரையில் நெல் விளைகிற நிலம். மலையில் அப்படி நிலம் அபூர்வம். அதற்குப் பதிலாகத் தொலைவில் தேவனூர் நாட்டுப் பக்கம் மேட்டு நிலம் ஒன்றைக் கொடுத்து, படகு ஓட்டுகிற வேலையையும் முதலாளி அவருக்கே கொடுத்திருந்தார். மேட்டு நிலத்தை மருமகனிடம் விட்டுவிட்டு அவர் இங்கேயே இருந்துகொண்டார்.

"அங்க போய் இருந்தா நெலத்தை உட்டுட்டுப் போன மாதிரி ஆயிருமுங்க. இதுல தெனமும் அது மேலதானே போறன், வாரேன். தண்ணி நடுவுல இருக்குது, அவ்வளவுதானுங்க" என்று ஒருமுறை சொன்னார்.

அந்த வேலை அவருக்கு எப்பேர்ப்பட்டது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மோட்டாரை ஓட்டச் சீக்கிரம் கற்றுக்கொண்டார். அதன் தலையில் இருக்கும் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் சடசடவென்று பிடித்துக்கொள்ளும். பெட்ரோலுக்கு அப்போது ரேஷன் கூப்பன். கீழேயிருந்து டின் டின்னாகத் தலைச்சுமையில் வர வேண்டும். மோட்டாரின் மேலேயே ஒரு சின்னத் தொட்டி. அது பாதிக்குக் கீழே இறங்க அவர் விடமாட்டார், உடனே ஊற்றி நிரப்புவார். பொறுப்பான ஆள் என்று முதலாளிகூட மெச்சினார்.

முதல் மழை பிடித்த பிறகு ஒரு நாள் மூட்டைகளோடு வரும்போது நட்ட நடு ஏரியில் மோட்டார் இருமியது. இரண்டு தரம் தும்மிவிட்டு நின்றுபோயிற்று. அவர் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார். மறுநாளும் அதே இடத்தில் நின்றது. சேந்தமங்கலத்திலிருந்து பாய் வரவழைக்கப்பட்டார்.

பாய்க்கு அங்கே ஒரு பட்டறை. பஸ்ஸோ ஆயில் இஞ்சினோ எது என்றாலும் அவரிடம்தான் வரும். பெரிய சரீரம். மலை ஏறி வருவதற்குள் முகம் தக்காளியாகிவிடும். "இந்த மலைக்கு ஒரு ரோடு போடக்கூடாதா? இஞ்சினுக்கு வைத்தியம் பாக்க வந்து எனக்கு வைத்தியம் பாக்கணும் போலிருக்கே" என்றுகொண்டே உட்காருவார். ஒரு சொம்பு மோர் உள்ளே போனதும் ஆள் மாறிவிடுவார்.

"ரைட்டர் தம்பி, எந்த இஞ்சினுக்கும் மூணுதான் வேணும். நெருப்பு, காத்து, எண்ணெய். மூணுல எது வரலைன்னு தேடணும். ஒண்ணைப் பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும்" என்பார்.

முதலில் நெருப்பைப் பார்த்தார். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். மோட்டார் ஓடியது, பாயும் இறங்கிப் போனார். கொஞ்ச நாளில் மறுபடி நின்றது. இரண்டாவது தரம் காற்றைப் பார்த்தார். தொட்டி மூடியில் காற்றுப் போக ஒரு திருகு இருக்கிறது. ஓட்டும்போது அதைத் தளர்த்தி வைக்க வேண்டும். அது இறுக்கி மூடிக் கிடந்தது.

"இதை யாரு மூடினது?"

"நாந்தானுங்க பாய். மலையில பனி எறங்கும். எதையும் வாய் தெறந்து வெக்கிறதில்லீங்க."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "காத்து உள்ளே போனாத்தான் கவுண்டரே எண்ணெய் கீழே எறங்கும். மூச்சை அடைச்சுப் பிடிச்சுக்கிட்டு யாராவது ஓட முடியுமா?"

நோய் தீர்ந்தது என்று எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி நடு ஏரியில் இருமல். மூன்றாவது தரம் பாய் எண்ணெய்ப் பக்கம் வந்தார். கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினார், அடியில் தண்ணீர் முத்து முத்தாகக் கிடந்தது. "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு. டின்னு பனியிலயும் மழையிலயும் கெடந்து வருதில்ல" என்றார். கிண்ணத்தைத் துடைத்து மாட்டினார். பொழுது சாய்வதற்குள் இறங்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. "கவுண்டரே, தொட்டியைக் கவுத்து ஒரு பொட்டு இல்லாம துணியால துடைச்சுட்டு, புது எண்ணெயை நல்லா வடிகட்டி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் "சரிங்க" என்றார். வடிகட்டியும்தான் ஊற்றினார், நான் கண்ணால் பார்த்தேன். இருந்தும் இரண்டாம் நாள் மோட்டார் நின்றது.

அந்த மாதம் வந்த முதலாளி நேரே என் அறைக்கு வந்தார். குரலை உயர்த்த மாட்டார், அதுதான் அவரிடம் பயம்.

"எங்கே நிக்குது?"

"நடு ஏரியிலங்க."

"நடு ஏரின்னா, அவன் வயல் மேலதானே?"

நான் கணக்கு நோட்டை மூடினேன்.

"கரையோரமா நிக்கலை. புறப்படுற எடத்துல நிக்கலை. அவன் வயலுக்கு மேல போனதும் நிக்குது. அது யார் வயல்னு இஞ்சினுக்கு எப்படித் தெரியும்? நிறுத்துறவனுக்குத்தான் தெரியும். நிலம் போன வயித்தெரிச்சல்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த தரம் வரும்போது நானே ஏறிப் போய்ப் பாக்கிறேன். அன்னைக்கும் நின்னா படகுக்கு வேற ஆளைப் போடு. அவனை மேட்டு நிலத்துக்கு அனுப்பிடு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் கோபம் முழுசும் முதலாளி மேல் இல்லை. ஊர்க்கூட்டத்தில் ஓடக்காரர் விழுங்கிய அந்த ஒரு வார்த்தை ஞாபகம் வந்து, இதிலும் எதையோ அடியில் வைத்திருக்கிறாரோ என்று என்னைக் குடைந்தது. அன்று சாயங்காலம் படகுத்துறைக்குப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கயிறு சுற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"மேட்டு நெலத்துக்குங்களா?" என்றார்.

"கவுண்டரே, உண்மையைச் சொல்லுங்க. நீங்களே நிறுத்தறீங்களா?"

அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"நெனச்சது உண்டுங்க சாமி. மொத மொதல்ல மோட்டாரை மாட்டுனப்ப நெனச்சனுங்க. செஞ்சது இல்லீங்க."

வேறு யாராக இருந்தாலும் "சத்தியமா இல்லை" என்று சூடம் அணைத்திருப்பார்கள். நினைத்ததையும் சேர்த்துச் சொல்கிற மனிதரை எந்தக் கோர்ட்டு நம்பும்? ஆனால் நான் நம்பினேன். நம்பிவிட்டதால்தான் பயம் வந்தது. ஏனென்றால் காரணம் தெரியாமல் அது மறுபடியும் அங்கேதான் நிற்கப் போகிறது, இவரை யாரும் காப்பாற்ற முடியாது.

பாய்க்கு ஆள் அனுப்பினேன். முதலாளி வருவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று கெஞ்சிச் சொல்லியனுப்பினேன். அவரும் மழைக்கு நடுவே குடையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்.

"கரையில உக்காந்து பாத்தா தெரியாது. இந்தத் தரம் நானும் ஏறி வரேன். நிக்கிற எடத்துல நிக்கட்டும்" என்றார்.

மூவரும் போனோம். பாய் ஏறியதும் படகு ஒரு முழம் அமுங்கியது. நடு ஏரியில் இரண்டு குன்றுக்கு இடையிலிருந்து காற்று வீசும். அங்கே போனதும் படகு ஆடியது. மோட்டார் இருமி நின்றது. பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு காலி மருந்துக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்தார். தொட்டியிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி அதில் பிடித்து, அசையாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் பாட்டிலுக்குள் மூன்று அடுக்கு தெரிந்தது. மேலே பெட்ரோல், கீழே தண்ணீர், அதற்கும் அடியில் துரு.

"காத்துல படகு ஆடும்போது தொட்டி அடியில கெடக்கிற தண்ணி கலங்கி குழாய்க்கு வருது. அதான் இங்கேயே நிக்குது" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் பாய் நெற்றியைச் சுருக்கினார். "சரி, இவ்வளவு தண்ணி எப்படி? போன தரம் துடைக்கச் சொன்னேனே. துடைச்சீங்களா?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கவுத்தனுங்க. ஒரு டப்பாவுல புடிச்சு வெச்சிருந்து, நீங்க எறங்கின பொறவு அதை மொதல்ல ஊத்திட்டு, அது மேல புதுசை ஊத்தினனுங்க."

"எதுக்கு?"

"அடி இல்லாம புதுசை எப்பிடிங்க ஊத்துறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பாட்டிலைப் பிடுங்கி ஏரியில் எறிந்திருப்பேன். இந்த மனிதர் தொம்பைக்கு வைக்கிற மிச்சத்தைத் தொட்டிக்கும் வைத்திருக்கிறார்! பழைய தண்ணீரும் துருவும் ஒரு நாளும் வெளியேறாமல், ஒவ்வொரு டின்னிலும் வருகிற தண்ணீர் அதோடு சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். "சோறும் பெட்ரோலும் ஒண்ணா? இதுக்காகவா உங்க வேலை போகணும்?" என்று கேட்டேன்.

"வேலை போவக்கூடாதுன்னுதானுங்க அடியை உட்டு வெச்சேன்" என்றார்.

பாய் இந்தத் தரம் சிரிக்கவில்லை.

"எங்க ஊட்லயும் மாவுப் பானையை அம்மா அடியோட வழிக்க விடமாட்டாங்க. பரக்கத்து, அதான் ஊட்டு விருத்தி, போயிடும்பாங்க. இன்னைக்கும் என் சம்சாரம் ஒரு பிடி விட்டுத்தான் எடுக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். "கவுண்டரே, அடி இருக்கணும். சரி. ஆனா அது தொட்டிக்குள்ளதான் இருக்கணும்னு ஏதாச்சும் உண்டா? இந்தா, இதுதான் உங்க அடி. தக்கை போட்டு இறுக்கிப் படகுலயே கட்டி வெச்சுக்குங்க. அடியும் படகை விட்டுப் போகலை, தொட்டியும் சுத்தமாச்சு."

அவர் யோசித்தார். பாய் சொன்னதை உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரி இருந்தது. காற்றில் படகு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"படகுலயே இருக்கலாங்களா?"

"கண்ணு முன்னால இருக்கட்டும்."

கரைக்கு வந்ததும் தொட்டியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். உள்ளே துடைப்பதை மட்டும் அவரே செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். தலைத்துண்டின் நுனியைக் கிழித்து விரலில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தார். துணி ஒவ்வொரு தரமும் துருவோடு வந்தது, கடைசியில் சுத்தமாக வந்தது. பிணத்தைத் தொட்டவர்போல் ஏரியில் இறங்கித் தலைமுழுகிவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் புது பெட்ரோலை மெல்லிய தோலில் வடிகட்டி ஊற்றச் சம்மதித்தார். பாட்டிலைப் படகின் முகப்பில் கயிறு போட்டுக் கட்டினார்.

பாட்டில் கட்டிய பிறகு மோட்டார் ஒரு தரமும் இருமவில்லை. இருந்தாலும் முதலாளி வந்த அன்று எனக்குக் காலையிலிருந்தே கஞ்சி இறங்கவில்லை. முதலாளி நடுப்பலகையில் உட்கார்ந்தார், நான் அவருக்கு எதிரே. பின்னால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு அவர். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. கரை விலகியது. முதலாளி தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நடு ஏரிக்கு வந்தோம். காற்று அடித்துப் படகு ஆடத் தொடங்கியது. மோட்டாரின் சத்தம் திடீரென்று தணிந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. முதலாளி சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். ஆனால் நிற்கவில்லை. தணிந்த சத்தத்திலேயே டப் டப்பென்று சீராகப் போய்க்கொண்டிருந்தது. முதலாளி முகம் தளர்ந்ததைக் கண்டேன். அப்போதுதான் முகப்பில் தொங்கும் பாட்டில் அவர் கண்ணில் பட்டது.

"இதென்ன?"

"அடிங்க மொதலாளி" என்றார் அவர்.

நான் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொம்பையில் தொடங்கிப் பாய் கண்டுபிடித்தது வரை ஒரே மூச்சில் கொட்டினேன். முதலாளி சிரித்துவிட்டார். நான் அவர் சிரித்துப் பார்த்ததில்லை.

"எல்லாத்திலயும் அடியில மிச்சம் வெப்பியா நீ?"

"ஆமாங்க."

முதலாளியின் சிரிப்பு மெல்ல நின்றது. "என் மேல இருக்கிற கோவத்திலயுமா?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உலகத்தில் எல்லாரும் முதலாளிக்குச் சொல்கிற வார்த்தைதான். "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க" என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். மோட்டார் சரியாகிவிட்டது, பழி நீங்கிவிட்டது, கரை கண்ணுக்குத் தெரிகிறது. இந்த ஒரு வார்த்தையில் எல்லாம் கெட்டுவிடக் கூடாதே என்று துடித்தேன்.

அவர் முதலாளியை நேராகப் பார்த்தார்.

"முக்காவாசி போயிருச்சுங்க. அடியில கொஞ்சம் இருக்குதுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலாளியின் குரல் வந்தது.

"எவ்வளவு?"

கண்ணைத் திறந்தேன். அவர் ஒரு கையால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு மறுகையில் சுண்டுவிரல் நுனியைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார். முதலாளி அந்த விரலைப் பார்த்தார். பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டு படகின் விளிம்புக்கு மேல் குனிந்து கீழே பார்த்தார். பச்சைத் தண்ணீர்தான், வேறொன்றும் தெரியவில்லை.

"கடைசியா இதுல என்ன போட்டிருந்தே?"

"நெல்லுங்க. தண்ணி ஏறப்போவுதுன்னு சொன்னாங்க, அவசர அவசரமா அறுத்தமுங்க. எப்பவும் போல மூலையில ஒரு வரிசையை அறுக்காம உட்டு வெச்சனுங்க. அது நிக்கிறப்பவே தண்ணி ஏறிருச்சுங்க."

முதலாளி நிமிரவில்லை. காற்று அவர் துண்டைத் தூக்கி முகத்தில் போட்டது, அதைக்கூட விலக்கவில்லை. படகு ஆட்டம் குறைந்து அமைதியான தண்ணீருக்கு வந்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாளையிலேருந்து அந்த எடம் வர்றப்ப மெதுவா ஓட்டு" என்றார்.

"எப்பவும் அங்க மெதுவாத்தானுங்க" என்றார் அவர்.